போத்தலில் ஒட்டிய பெயரும் போத்தலுக்குள் இருக்கும் பொருளும்

ஹொலிவூட் நடிகர் ஒருவர் விஸ்கி விற்க வந்தால் அதைச் செய்தியாகக் கொள்வதா, விளம்பரமாகக் கொள்வதா என்பது பத்திரிகைத்துறையில் இருப்பவர்களுக்கு எளிதில் விடை கிடைக்காத கேள்வி. நடிகரின் பெயர் இருப்பதால் வாசகர் வாசிப்பார். வாசகர் வாசிப்பார் என்பதால் பத்திரிகை வெளியிடும். பத்திரிகை வெளியிடும் என்பதாலேயே கம்பனி நடிகரின் பெயரைத் தேடிப் போகிறது. இந்த வட்டத்தில் ஒன்று மட்டும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அது போத்தலுக்குள் இருக்கும் பானம்.

அந்தப் பானத்தைச் சுவைத்துப் பார்த்து எழுதும் கட்டுரை இது. வயது போன காலத்தில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். மதுவைப் பரிந்துரைப்பது எனது நோக்கமன்று. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் தெளிவாகவே கூறிவிட்டது. அதனை மறுக்க எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் புகழ்பெற்ற ஒருவரின் பெயர் நமது நாவையும் மதிப்பீட்டையும் எவ்வளவு தூரம் ஆட்டிப்படைக்கிறது என்பதை ஒரு போத்தலை வைத்துச் சோதித்துப் பார்க்க முடியும். ஒரு நூலையோ திரைப்படத்தையோ அரசியல்வாதியின் உரையையோ அவ்வாறு பெயரை மறைத்துச் சோதிப்பது அத்தனை எளிதன்று.

முதலில் பின்னணியைப் பார்ப்போம். நடிகர் ஜோர்ஜ் குளூனியும் அவரது பங்காளிகளும் தொடங்கிய 'கசாமிகோஸ்' என்னும் டெக்கீலா நிறுவனத்தை 2017ஆம் ஆண்டில் டியாஜியோ வாங்கியது. முதலில் 70 கோடி டொலர். விற்பனை இலக்குகளை எட்டினால் மேலும் 30 கோடி டொலர். 2020இல் அதே நிறுவனம், நடிகர் றையன் றெனோல்ட்ஸ் பங்குகொண்டிருந்த 'ஏவியேஷன்' ஜின்னை 61 கோடி டொலர் வரையான தொகைக்கு வாங்க உடன்பட்டது. இந்தத் தொகைகள் செய்தியாக வெளிவந்த காலத்தில் புகழ் உள்ளவர்கள் பலர் மதுபானத்தின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. பாடகர் பொப் டிலன் 2018இல் 'ஹெவன்ஸ் டோர்' என்ற பெயரில் அமெரிக்க விஸ்கிகளை வெளியிட்டார். அவரது புகழ்பெற்ற பாடலின் நினைவாக வந்தது அப்பெயர். போத்தலின் மீது அவர் இரும்பை ஒட்டவைத்து உருவாக்கிய வாயிற்கதவுகளின் வடிவம். தொடக்க காலத்தில் போத்தலுக்குள் இருந்ததோ பிற வடிசாலைகளில் வடிக்கப்பட்ட விஸ்கி. பாடகி பியோன்ஸே 2024இல் 'சேர் டேவிஸ்' என்ற விஸ்கியை வெளியிட்டார். அது பேர்பன் அன்று; ரை தானியத்தை முதன்மையாகக் கொண்டது. தம் கொள்ளுப்பாட்டனாரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

இவற்றுள் நான் தேர்ந்தெடுத்தது 'லோங்பிராஞ்ச்' என்ற பேர்பன். நடிகர் மத்தியூ மெக்கானஹேயின் பெயரோடு 2018இல் சந்தைக்கு வந்தது. 'டலஸ் பையர்ஸ் கிளப்' படத்துக்காக 2014இல் ஒஸ்கார் பரிசு பெற்ற அதே மெக்கானஹே. கென்டக்கி மாநிலத்தின் லோறன்ஸ்பேர்க்கில் உள்ள 'வைல்ட் டேர்க்கி' வடிசாலை அவரை 2016இல் தனது படைப்பாக்க இயக்குநராக அறிவித்தது. அதன்பின் அவரும் தலைமை வடிப்பாளர் எடி றசலும் சேர்ந்து உருவாக்கியது லோங்பிராஞ்ச் என்பது நிறுவனத்தின் கூற்று. இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பெயரை எடுத்துவிட்டால் எஞ்சியிருப்பது என்ன என்பதை அளந்து பார்க்கக்கூடிய ஒரு துணைப்போத்தல் இதற்கு இருக்கிறது. அதே வடிசாலை, அதே தானியக் கலவையில், நடிகர் எவரின் பெயருமின்றி நீண்ட காலமாக விற்றுவரும் 'வைல்ட் டேர்க்கி 101' தான் அது.

பேர்பன் என்றால் என்ன என்பதை அறியாமல் இதில் நடிகருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கூற முடியாது. பேர்பன் என்பது வெறும் வணிகப் பெயரன்று. சட்டத்தால் வரையறுக்கப்பட்ட பொருள். அமெரிக்காவில் தயாரிக்கப்பட வேண்டும். கென்டக்கியில்தான் தயாரிக்க வேண்டும் என்று பலர் நினைப்பர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் சோளமாக இருக்க வேண்டும். வடிக்கும்போது மதுசார அளவு 80 சதவீதத்தை மிஞ்சக்கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தை மிஞ்சக்கூடாது. உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கொள்கலத்தில் முதிர வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை மீண்டும் பேர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. அவற்றுள் பல ஸ்கொட்லாந்துக்குப் போய் அங்குள்ள விஸ்கிக்குப் பயன்படுகின்றன. போத்தலில் அடைக்கும்போது குறைந்தது 40 சதவீதம் மதுசாரம் இருக்க வேண்டும். நிறமோ மணமோ சேர்க்க இடமில்லை. 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுமாயின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். 1964இல் அமெரிக்கக் காங்கிரஸ், பேர்பன் தமது நாட்டுக்கே உரிய தனித்துவமான உற்பத்தி என்று தீர்மானமே நிறைவேற்றியது.

இவ்வளவு கட்டுப்பாடுகளுக்குள் ஒரு நடிகர் என்ன செய்துவிட முடியும்? தானியத்தின் விகிதம், நொதியம், பீப்பாயைக் கருக்கும் அளவு ஆகியன வடிசாலையின் பரம்பரைச் சொத்து. அவற்றை விருந்தாளி மாற்ற மாட்டார். எந்தப் பீப்பாய்களைத் தெரிவது, எத்தனை ஆண்டு காத்திருப்பது, எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது, எப்படி வடிகட்டுவது என்பனவே எஞ்சியவை. லோங்பிராஞ்சில் நடந்ததும் இதுதான். எட்டு ஆண்டு முதிர்ந்த பேர்பனை அமெரிக்க வெள்ளை ஓக் மரக் கரியினூடாகவும் டெக்சாஸ் மாநிலத்தின் மெஸ்கீட் மரக் கரியினூடாகவும் வடிகட்டி, 43 சதவீத மதுசாரத்துக்குக் குறைத்துப் போத்தலில் அடைத்திருக்கிறார்கள். மெக்கானஹே டெக்சாஸ்காரர். அவரது மண்ணின் அடையாளமாக அந்த மரம் வந்து சேர்ந்தது.

மெஸ்கீட் என்ற பெயர் நமக்கு அந்நியமாக ஒலிக்கலாம். மரம் அந்நியமன்று. இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் ஏக்கர் கணக்கில் பரந்து, கரி சுட்டு விற்பவர்களுக்குப் பிழைப்பாகவும் நிலத்தடி நீரைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்குப் பகையாகவும் நிற்கும் சீமைக் கருவேலம், இந்த மெஸ்கீட்டின் நெருங்கிய உறவு. இலங்கையில் பூந்தல தேசிய பூங்காவில் அதனை வெட்டி அகற்றப் படாதபாடு படுகிறார்கள். டெக்சாஸில் அதே இனத்து மரத்தின் கரியில் இறைச்சி வாட்டினால் தனிச்சுவை என்று புகழ்கிறார்கள். ஒரு மரத்தின் மதிப்பும் அது எந்தப் பெயரோடு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்ததாகவே இருக்கிறது போலும்.

இனிச் சோதனைக்கு வருவோம். சில காலத்துக்கு முன்னர் வெளிநாட்டில் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தபோது இரு போத்தல்களையும் எனது பணத்தில் வாங்கினேன். பணத்தைப் பற்றிக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மதுபானம் பற்றி எழுதுபவர்களுக்கு நிறுவனங்கள் இலவசப் போத்தல்கள் அனுப்புவதும் வடிசாலைகளுக்கு அழைத்துச் செல்வதும் உலகெங்கும் வழமை. இணையத்தில் எழுதுபவர்களும் இத்தகைய கொடைகளை வாசகருக்கு வெளிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009இலேயே வழிகாட்டல் வெளியிட்டது. இலவசமாக வந்த பொருளை ஒருவர் நேர்மையாக மதிப்பிட முடியாது என்று நான் கூறவில்லை. ஆனால் அதை அறியும் உரிமை வாசகருக்கு உண்டு.

சுவைத்தவர்கள் நால்வர். நான், நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நண்பரின் மருமகன். மருமகன் முப்பது வயது கடந்தவர். ஹொலிவூட் படங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பவர். ஊற்றியவர் மதுவைத் தொடாத நண்பரின் மனைவி. குசினிக்குள் வைத்து ஊற்றி, குவளைகளின் அடியில் இலக்கமிட்டு, எது எதுவென்று ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டார்.

இரு போத்தல்களுக்கு மூன்று குவளைகள் வைத்தோம். இதற்கு விளக்கம் தேவை. 101 என்ற எண் அமெரிக்க அளவுமுறையில் 50.5 சதவீத மதுசாரத்தைக் குறிக்கும். லோங்பிராஞ்சில் இருப்பது 43 சதவீதம். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் எரிவைக் கொண்டே எது எதுவென்று குழந்தைப்பிள்ளையும் கூறிவிடும். ஆகவே ஒரு குவளையில் 101ஐ அப்படியே ஊற்றினோம். இன்னொன்றில் 50 மில்லிலீற்றர் 101க்கு ஏறத்தாழ 9 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்து 43 சதவீதத்துக்கு இறக்கினோம். மற்றையது லோங்பிராஞ்ச். இப்படிச் செய்தால் வித்தியாசம் தண்ணீரால் வந்ததா, கரியாலும் வயதாலும் வந்ததா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டாம் இலக்கக் குவளையில் மூக்கை வைத்தவுடன் வனிலாவும் சீனிப்பாகும் எழுந்தன. அடியில் மெல்லிய புகை. அடுப்பு அணைந்து நெடுநேரமான பின் குசினியில் தங்கியிருக்கும் வாசனை போன்றது. வாயில் மென்மை, தேனின் சாயல், சற்றே தோடம்பழத்தோல். விழுங்கியபின் சுவை விரைவில் அகன்றுவிட்டது. ஒன்றாம் இலக்கத்தில் அதே வனிலா இருந்தது. ஆனால் ரை தானியத்தின் மிளகுக் காரமும் மரத்தின் துவர்ப்பும் முன்னுக்கு நின்றன. மூன்றாம் இலக்கம் எதுவென்று எவருக்கும் ஐயமிருக்கவில்லை. எரிவு அடங்கியபின் கறுவாவும் கருகிய சீனியும் நெடுநேரம் நாவில் இருந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர், "அண்ணை, மூண்டாவது கிளாஸ் தொண்டையில நிண்டு கதைக்குது" என்றார். அதைவிடச் சிறந்த சுவைக்குறிப்பை எந்த நிபுணரும் எழுதியிருக்க மாட்டார்.

மூன்றிலும் எங்களுக்குப் பழக்கமான ஒரு மணம் இருந்தது: தேங்காய். இது எங்கள் ஊர்ப்பாசம் செய்த மாயமன்று. அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தில் லக்டோன் என்னும் வகையைச் சேர்ந்த சேர்வையொன்று மிகுதியாக உண்டு. அதன் மணம் தேங்காயை ஒத்தது. வனிலா மணமும் அம்மரத்தின் இலிக்னினிலிருந்து வருவதே. பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கும்போது இவை வெளிப்படுகின்றன. நமது தென்னஞ்சாராயம் ஹல்மில்ல மரக் கொள்கலங்களில் முதிர்கிறது. அதன் மூலப்பொருளோ தென்னம்பாளையின் கள். தேங்காய்க்கும் கென்டக்கிக்கும் தொடர்பில்லை என்றாலும் மரத்தின் வழியாக அந்த மணம் அங்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நால்வரும் பத்துக்கு எத்தனை புள்ளி என்று தனித்தனியே எழுதினோம். நான் லோங்பிராஞ்சுக்கு 7, தண்ணீர் கலந்த 101க்கு 7, கலக்காத 101க்கு 8 என்று எழுதியிருந்தேன். நண்பரும் ஆசிரியரும் எழுதியதும் ஏறத்தாழ இதே வரிசைதான். மருமகன் லோங்பிராஞ்சுக்கு 6 மட்டுமே கொடுத்திருந்தார். "மென்மை, ஆனால் ஆழமில்லை" என்று குறிப்பும் எழுதியிருந்தார். பின்னர் தாள் விரிக்கப்பட்டது. போத்தல்கள் மேசைக்கு வந்தன. மருமகன் இரண்டாம் குவளையை மீண்டும் எடுத்து ஒரு மிடறு பருகிவிட்டு, "மாமா, இப்ப குடிச்சா வேற மாதிரி இருக்கு. எட்டுக் குடுக்கலாம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை; அவருக்கு உண்மையிலேயே வேறு மாதிரித்தான் இருந்திருக்கும். கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை விளக்குகிறது. ஒரே வைனை ஒருமுறை 10 டொலர் என்றும் இன்னொருமுறை 90 டொலர் என்றும் கூறிக் கொடுத்தார்கள். விலை கூடியது என்று நம்பியபோது பங்குபற்றியவர்கள் சுவை கூடுதல் என்றார்கள். அதுமட்டுமன்றி, அவர்களின் மூளையை வருடிப்பார்த்தபோது இன்பத்தோடு தொடர்புடைய பகுதியின் செயற்பாடும் கூடியிருந்தது. அதாவது பெயரும் விலையும் நாவை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. அவை சுவையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன. மருமகன் அடைந்த அந்த இரண்டு புள்ளி இன்பம் உண்மையானது. அதைப் போத்தலுக்குள் வைத்தவர் வடிப்பாளர் அல்லர் என்பது மட்டுமே வேறுபாடு.

பெயரை மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுபான வரலாற்றில் மிகப் பெரிய சான்று 1976ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி பாரிஸில் நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வணிகர், பிரெஞ்சு நிபுணர்களுக்குப் பெயர் மறைத்த கிண்ணங்களில் பிரெஞ்சு வைன்களையும் கலிபோர்னிய வைன்களையும் கொடுத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போயிற்று. அந்நிகழ்வுக்குச் சமுகமளித்த ஒரேயொரு பத்திரிகையாளர் 'டைம்' சஞ்சிகையின் ஜோர்ஜ் டேபர். அவர் போயிராவிட்டால் உலகம் அதை அறிந்திருக்குமோ என்னவோ.

எனது தீர்ப்பைக் கூறிவிடுகிறேன். லோங்பிராஞ்ச் நல்ல விஸ்கி. நடிகரின் முகத்தை ஒட்டி மலிவான சரக்கைத் தள்ளிவிடும் வேலை இங்கு நடக்கவில்லை. போத்தலுக்குள் இருப்பது எட்டு ஆண்டு முதிர்ந்த பேர்பன். கரியில் வடித்ததால் வந்த மென்மையும் அந்த மெல்லிய புகையும் தண்ணீர் கலந்த 101இல் இல்லாதவை. ஆகவே மெக்கானஹேயின் பெயரில் சேர்க்கப்பட்டது ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வடிகட்டும்போது சில இழக்கவும் படுகின்றன. கரி, கூர்மையை எடுக்கும்போது நீளத்தையும் சேர்த்து எடுத்துவிட்டது. லோங்பிராஞ்ச் அறிமுகமானபோது அமெரிக்காவில் அதன் பரிந்துரை விலை ஏறத்தாழ 40 டொலர். நான் வாங்கிய கடையில் 101இன் விலை அதைவிடக் குறைவு, மதுசாரமோ கூடுதல். 101ஐ வாங்கித் தமக்கு வேண்டிய அளவு தண்ணீரைத் தாமே ஊற்றிக்கொள்பவர் குறைந்த பணத்தில் கூடுதலான விஸ்கியைப் பெறுகிறார். பேர்பனை முதன்முறை அருந்துபவருக்கு லோங்பிராஞ்ச் எளிதாக இருக்கும். பழகியவர் அதன் மூத்த உறவினரிடம் திரும்பிப் போவார்.

இத்துடன் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் போத்தலில் எவருடைய பெயர் இருக்க வேண்டும் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. எனக்கு அதுவே பெரிய கேள்வி.

பேர்பன் தொழில் பெயர்களால் கட்டப்பட்டது. 'எலைஜா கிறெய்க்' என்ற பேர்பன் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பப்ரிஸ்ற் போதகர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. கருக்கிய பீப்பாயில் விஸ்கியை முதன்முதல் முதிரவைத்தவர் அவரே என்று கதை சொல்லப்படுவதுண்டு. அவர் விஸ்கி வடித்தது உண்மை. பீப்பாய்க் கதைக்கு ஆதாரமில்லை என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. செய்யாத காரியத்துக்காக ஒருவர் பெயர் நிலைத்திருக்கிறது.

இதற்கு நேர்மாறானது நேதன் 'நியரஸ்ட்' கிறீனின் கதை. டெனசி மாநிலத்தின் லிஞ்ச்பேர்க் பகுதியில் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர் அவர். இளைஞன் ஜக் டானியலுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அடிமை முறை ஒழிந்தபின் அதே ஜக் டானியலின் வடிசாலைக்குத் தலைமை வடிப்பாளராகவும் இருந்தார். மாணவரின் பெயர் உலகெங்கும் போத்தல்களில் போயிற்று. ஆசிரியரின் பெயரைப் பரந்த உலகம் அறிந்தது, அந்நிறுவனத்தின் 150ஆவது ஆண்டான 2016இல் 'நியூயோர்க் டைம்ஸ்' வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே. அக்கட்டுரையை வாசித்த ஃபோன் வீவர் என்ற பெண்மணி 2017இல் 'அங்கிள் நியரஸ்ட்' என்ற விஸ்கியை அவரது பெயரிலேயே வெளியிட்டார். அந்நிறுவனம் 2025இல் கடன் வழக்கொன்றில் சிக்கி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கீழ் வந்தது வேறு விடயம். உயர்ந்த பெயர் இருந்தாலும் கணக்குப் புத்தகம் தன் வழியில்தான் போகும். ஆயினும் நியரஸ்ட் கிறீனின் பெயரை இனி எவரும் வரலாற்றிலிருந்து அழிக்க முடியாது. ஒரு செய்திக்கட்டுரையால் நடந்த காரியம் அது என்பதில் இத்தொழிலைச் செய்தவன் என்ற வகையில் எனக்கு மனநிறைவு உண்டு.

இந்தப் பின்னணியில் லோங்பிராஞ்சை மீண்டும் பாருங்கள். வைல்ட் டேர்க்கியில் எடி றசலின் தந்தை ஜிம்மி றசல் 1954ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார். 2024இல் அவரது எழுபது ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து வடிசாலை தனியான போத்தல் ஒன்றையே வெளியிட்டது. மகன் 1981இல் சேர்ந்தார். நாம் சுவைத்த அந்தப் பானத்தின் தொண்ணூறு பங்கு இவர்களும் இவர்களோடு உழைத்த பெயர் தெரியாத தொழிலாளர்களும் செய்தது. மரம் அறுத்தவர், பீப்பாய் கட்டியவர், களஞ்சியத்தில் பீப்பாயை உருட்டியவர் எல்லோரும் இதில் அடக்கம். பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போவதைத் 'தேவதைகளின் பங்கு' என்று அழகாகக் கூறுவார்கள். தொழிலாளிகளின் பங்குக்கு அப்படி ஓர் அழகான பெயர் கிடைக்கவில்லை.

மெக்கானஹே கொடுத்தது பத்துப் பங்கு என்றே வைத்துக்கொள்வோம். அது தவறன்று. பெயரை இரவல் கொடுத்து ஒதுங்கி நிற்பவர்களைவிட, வடிப்பாளரோடு அமர்ந்து மாதிரிகளைச் சுவைத்துத் தம் ஊர் மரத்தின் கரியைக் கொண்டுவந்தவர் மேலானவர். ஆனால் செய்திகளில் பங்கு எப்படிப் பிரிக்கப்பட்டது? தலைப்பில் நடிகர் இருந்தார். எடி றசல் மூன்றாம் பந்தியில் இருந்தார். இதற்குக் கம்பனியை மட்டும் குறை கூற முடியாது. தலைப்பு எழுதுபவர்கள் நாங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடைசெய்தது. நடிகர் ஒருவர் மதுப்போத்தலோடு தொலைக்காட்சியில் தோன்றிச் சிரிப்பதற்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவில் வாங்கும் வயது அதே 21. ஆனால் நடிகரின் முகத்துக்குச் சட்டத்தடை இல்லை. தொழிற்றுறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதிகளே பெரும்பாலும் உண்டு. புகழ்பெற்றவரின் முகம் அவரது இரசிகனிடம் போவதற்கு வயதுச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை. முப்பது கடந்த, படித்த ஒருவரின் மதிப்பீட்டையே ஒரு பெயர் ஒரு நிமிடத்தில் இரண்டு புள்ளி உயர்த்தியதை நான் கண்ணால் கண்டேன். பதினாறு வயதுப் பையனிடம் அது எத்தனை புள்ளி உயர்த்தும்? நமது சட்டத்தில் ஓட்டைகள் உண்டு. நடைமுறையில் அவை பெரிதாகவும் தெரியும். எனினும் இந்த ஒரு விடயத்தில் நமது சிறிய நாடு பெரிய நாட்டைவிடத் தெளிவாகச் சிந்தித்தது என்றே கருதுகிறேன்.

விளம்பரத்தைத் தடைசெய்தால் இத்தகைய கட்டுரையையும் தடைசெய்ய வேண்டாமா என்று கேட்பவர்கள் இருப்பர். நியாயமான கேள்வி. எனது பதில் இதுதான்: விளம்பரம் ஒரு பொருளை வாங்கு என்கிறது, மதிப்பீடு, எவரால் செய்யப்பட்டது, எப்படிச் செய்யப்பட்டது, கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்கிறது. இரண்டாவதைச் செய்பவர்கள் இல்லாமற்போனால் முதலாவதன் குரல் மட்டுமே ஒலிக்கும்.

ஆகவே, அருந்தும் பழக்கம் உள்ளவர்கள், புகழ்பெற்ற பெயரொன்று ஒட்டிய போத்தலைக் கையில் எடுக்கும்போது பின்புறச் சிட்டையைத் திருப்பிப் பாருங்கள். எங்கே, எவரால் வடிக்கப்பட்டது என்று இருக்கிறதா, அல்லது 'தயாரித்தது', 'போத்தலில் அடைத்தது' என்ற சொற்கள் மட்டும் இருக்கின்றனவா? எத்தனை ஆண்டு முதிர்ந்தது? மதுசார அளவு என்ன? அதே வடிசாலை பெயரில்லாமல் விற்கும் போத்தலின் விலை எவ்வளவு? இவற்றுக்கு விடை கிடைத்தபின் வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அருந்தாதவர்கள் இதே கேள்விகளைச் சற்றே மாற்றி நூல்களிடமும் படங்களிடமும் தலைவர்களிடமும் கேட்கலாம். அங்கும் சிட்டை முன்பக்கத்தில்தான் பளபளக்கிறது.

பி.கு: மருமகனின் எட்டுப் புள்ளியை நாங்கள் ஏற்கவில்லை. தாளில் எழுதிய ஆறே பதிவாயிற்று.